முதிய நாய் திடீரென்று காலைத் தாங்கி நடந்தால்

எங்கள் வீட்டுக் கருப்பன் லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த ஆண் நாய். பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டிக் கரையை ஒட்டிய எங்கள் ஊரில், அவனுக்கு 11 வயது நிறைந்திருந்த ஒரு தை மாதம் அது. சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் உளுந்து முளைவிட்டிருந்த நேரம். வழக்கம்போல் அப்பாவோடு வரப்பில் நடந்துவிட்டு வந்து படுத்தவன், மாலையில் எழுந்தபோது வலது பின்னங்காலை ஊன்றவில்லை. விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, மற்ற மூன்று கால்களில் தத்தி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் போய்ப் படுத்துக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான் இருக்கும்." அன்பினால் சொன்ன சொல்தான் அது, ஆனால் முதிய நாய்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பதும் அந்தச் சொல்தான் என்பதை அதற்குப் பிறகு பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வயது மட்டுமே காரணமாக எந்த நாயும் நேற்று ஊன்றிய காலை இன்று தூக்கிக்கொள்வதில்லை. நாய் காலைத் தாங்குகிறது என்றால் பெரும்பாலும் அங்கே வலி இருக்கிறது, அந்த வலிக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பகுதியில் அந்தக் காரணம் மிக எளிதானதாகவும் இருக்கலாம். வாய்க்கால் கரையில் உதிர்ந்து கிடக்கும் சீமைக் கருவேல முள், அறுவடை இயந்திரம் விட்டுப்போன கூரான நெல் தாள்க்கட்டை, பிளந்த நகம், உடைந்த கண்ணாடி என்று பாதத்தோடு முடிகிற தொல்லைகள் பல உண்டு. முழங்கால் ஜவ்வு கிழிவது, நெடுநாளாக இருந்த மூட்டுத் தேய்மானம் ஒரே நாளில் முற்றி வெளிப்படுவது, முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது, உண்ணிக் காய்ச்சல், எலும்புப் புற்றுநோய் ஆகியவை இன்னொரு வகை. இவை அனைத்தும் வெளியில் ஒரே தோற்றத்தில்தான் தெரியும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது எது அவசரம், எது ஒரு நாள் பொறுக்கும் என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

கால் கோணலாகத் தொங்குவது, எலும்பு வெளியே தெரிவது, இரத்தம் நிற்காமல் வருவது, பின்னங்கால்கள் இரண்டும் இழுபடுவது, சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பது, ஈறுகள் வெளுத்துப்போவது, தொட்டாலே அலறும்படி கால் சூடாக வீங்குவது ஆகிய எதுவாக இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவரைத் தேட வேண்டும். வயல்வெளிக்குப் போய்வரும் நாய்க்குப் பாம்புக்கடியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாயைச் சுற்றி வேகமாக வீக்கமும் கடும் வலியும் வரும், இரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம் ஏறக்குறைய இருக்காது. நாய் தள்ளாடும், பிறகு எழ முடியாமல் போகும். இரண்டிலும் கட்டுப்போடுவதும் கீறிவிடுவதும் தீங்கே. நாயை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, விஷமுறிவு மருந்து எங்கே கையிருப்பில் இருக்கிறது என்று வழியிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது ஒன்றுதான் வழி. இந்தியாவில் கிடைக்கும் பன்முக விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது; நாய்களுக்கும் அதையே செலுத்துகிறார்கள்.

கருப்பனிடம் இந்த அறிகுறிகள் எவையும் இல்லை. சாப்பிட்டான், வாலாட்டினான், ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. ஆகவே அன்றிரவு அவனைக் கட்டி வைத்து, மறுநாள் காலையில் நிதானமாகப் பார்த்தோம்.

எந்தக் கால் என்று கண்டுபிடிப்பது, காலை முழுவதும் தூக்கிக்கொண்ட நாயிடம் எளிது. ஊன்றியும் ஊன்றாமலும் நடக்கிற நாயிடம் அவ்வளவு எளிதன்று. ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, சமதளமான சிமெண்டுச் சாலையில் மெதுவாக நடத்திச் செல்ல, மற்றவர் தலையைக் கவனிக்க வேண்டும். முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். வலியுள்ள கால் ஊன்றும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே எழும்பும். நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் சுமக்கிறது. பின்னங்காலில் வலி வந்தால் இன்னும் கொஞ்சம் எடையை முன்னால் தள்ளிக்கொண்டு சமாளித்துவிடும் என்பதால் பின்னங்கால் நோய்கள் நெடுநாள் மறைந்தே இருக்கும். உட்காரும் விதத்தையும் பார்க்க வேண்டும். முழங்கால் வலியுள்ள நாய் காலை முழுவதும் மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு உட்காரும். கருப்பன் அப்படித்தான் உட்கார்ந்தான்.

இதையெல்லாம் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். பக்கவாட்டிலிருந்து நடப்பது, எதிரே வருவது, விலகிப் போவது, படுத்த நிலையிலிருந்து எழுவது ஆகிய நான்கும் போதும். புது இடமும் மற்ற நாய்களின் வாடையும் சேர்ந்த பதற்றத்தில் பல நாய்கள் மருத்துவமனையில் நொண்டவே நொண்டாது. வீட்டில் தெரிந்த குறை அங்கே மறைந்துவிடும். கருப்பனும் அங்கே போனதும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றான். மருத்துவர் நாங்கள் எடுத்துச் சென்ற காட்சியைப் பார்த்த பிறகுதான் எந்த மூட்டு என்று தேடத் தொடங்கினார்.

கையால் தொட்டுப் பார்ப்பதற்கு முன், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வாயை மென்மையான துணியால் கட்டிவிட வேண்டும்; வலியில் கடிப்பது அதன் குற்றமன்று. வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக்கூடாது. நல்ல காலில் தொடங்க வேண்டும். அப்போதுதான் இயல்பான கால் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும், நாயும் நிதானத்துக்கு வரும். அடுத்து வலியுள்ள காலின் பாதம். களிமண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, டார்ச் ஒளியில் ஒவ்வொரு விரலிடுக்கையும், பாதத்தின் மெத்தென்ற சதைகளையும், நகக்கண்களையும் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், மேல்தோல் மூடிக்கொள்ளும், சில நாட்களில் உள்ளே சீழ் வைக்கும். வெளியே தெரிகிற முள்ளை இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆழத்தில் இருப்பதை ஊசியால் கிண்டக்கூடாது. அதை மருத்துவர்தான் மரத்துப்போகச் செய்து எடுக்க வேண்டும். பாதத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஒவ்வொரு மூட்டாக மேலே போய், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, சூடு, வீக்கம், சதையின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

சதையின் அளவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கருப்பனின் வலது தொடை இடது தொடையைவிட மெலிந்திருந்தது. ஒரு நாளில் வந்த வலியால் தொடை மெலியாது. பல வாரங்கள் அந்தக் காலைக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால்தான் மெலியும். மாலையில் திடீரென்று வந்ததுபோல் தோன்றியது உண்மையில் கார்த்திகையிலேயே தொடங்கிவிட்டது என்று அந்தத் தொடை சொன்னது. அவன் அடைமழை நாட்களில் திண்ணையில் ஏறுவதை நிறுத்திவிட்டுப் படியோரத்தில் படுக்கத் தொடங்கியிருந்தான், எழும்போது இரண்டு முறை முயன்று எழுந்தான், வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவராமல் இருந்த இடத்திலிருந்தே குரைத்தான். முதிய நாய் வைத்திருப்பவர்கள் தேட வேண்டிய அறிகுறிகள் இவையே. நாய் வலியில் கத்தும் என்று காத்திருக்க வேண்டாம். மூட்டு வலிக்குப் பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை.

இதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா அக்கறையோடு வந்து, "தம்பி, கைகால் வலிக்கு நான் போடுற மாத்திரையில பாதி குடுத்துப் பாரு, ராத்திரி தூங்கட்டும்" என்றார். அவரிடம் நான் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் ஆகியவை நாயின் வயிற்றையும் குடலையும் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். முதிய நாயின் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஏதாவது கொடுத்துவிட்டால், அது உடலைவிட்டு நீங்கும் வரை மருத்துவர் நாய்களுக்கான சரியான மருந்தைத் தொடங்க முடியாது. இரண்டு வகை வலி மருந்துகளும், வலி மருந்தோடு ஸ்டீராய்டும், ஒருசேர உடலில் இருக்கக்கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் எதை, எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நாய் அதை நக்காமல் விடாது, சுண்ணாம்பு அதன் நாக்கையும் வாயையும் வெந்துபோகச் செய்யும். சுளுக்கெடுப்பவரிடம் காலைக் கொடுத்து இழுப்பது அதைவிடக் கெடுதல். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் இழுத்த இழுப்பில் அது நரம்பையும் இரத்தக் குழாயையும் அறுத்துவிடும். வீட்டில் செய்யத் தக்கது ஐஸ் ஒத்தடம் மட்டுமே. துண்டில் சுற்றிய பனிக்கட்டியை வீங்கிய மூட்டின்மேல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுப்பதை முதல் இரண்டு நாட்கள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். சூடான ஒத்தடம் பழைய மூட்டு வலிக்கு இதமாக இருக்கும். புதிதாக வீங்கிய இடத்தில் வீக்கத்தைக் கூட்டிவிடும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் இருந்த மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, முழங்காலில்தான் குறை இருக்கிறது, எக்ஸ்ரே எடுக்காமல் மேற்கொண்டு சொல்வது முறையாகாது என்று சொல்லி ஒரத்தநாட்டுக்கு அனுப்பினார். ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்த சிகிச்சை வளாகமும் டெல்டாவில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பெரிய கொடை. அதற்கு முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஒரு நாயை நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தது. புறப்படும் முன் மயக்க மருந்து தேவைப்படுமா, வெறும் வயிற்றில் அழைத்து வர வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வண்டியில் ஏற்றும்போது ஒருவர் மார்பையும் மற்றவர் தொடைக்குப் பின்புறத்தையும் அணைத்து, முதுகு வளையாமல் தூக்க வேண்டும். முதுகுத்தண்டில் குறை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் பலகையில் படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும்.

அங்கே கேட்ட கேள்விகளை முன்கூட்டியே அறிந்து பதிலோடு போவது எல்லோருக்கும் உதவும். படுத்து எழுந்தவுடன் நொண்டல் அதிகமாக இருந்து நடக்க நடக்கக் குறைகிறதா, அல்லது நடந்தால் கூடுகிறதா? முன்னது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் இயல்பு, பின்னது ஜவ்வுக் கிழிசலின் இயல்பு. ஒரு நாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று மாறுகிறதா? அப்படியானால் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். காய்ச்சல் பார்த்தார்கள், நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு என்பதால் உடம்பைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டக்கூடாது. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலுக்காகத் தட்டணுக்களையும், மருந்தைத் தாங்குமா என்று அறிய சிறுநீரகம், கல்லீரல் அளவுகளையும் பார்த்தார்கள். பிறகு லேசான மயக்கத்தில் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளிப் பார்த்தபோது அது நழுவியது. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஜவ்வு அறுந்திருந்தது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ஆனால் மூட்டில் நீர் கோத்திருப்பதும், எலும்பின் ஓரங்கள் தேய்ந்து முள்ளாக வளர்ந்திருப்பதும், புற்றுநோய் இல்லை என்பதும் தெரிந்தன.

வரப்பில் கால் தவறியதால் அறுந்துவிட்டதோ என்று அப்பா வருந்தினார். மருத்துவர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். பந்து விளையாடுகிறவருக்கு நல்ல ஜவ்வு ஒரே திருப்பில் அறுந்துபோவது உண்டு. நாய்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கிணற்றுக் கயிறு புரி புரியாக நைந்து கடைசியில் ஒரு குடம் தண்ணீருக்கு அறுவதுபோல் அது மாதக்கணக்கில் நைந்து வருகிறது. உடல் பருமன் அதை விரைவுபடுத்துகிறது. ஒரு காலில் இது நேர்ந்த நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு மறுகாலிலும் பின்னால் நேர்கிறது.

எக்ஸ்ரே எதற்கு, செலவுதானே என்று நினைப்பவர்களுக்காக வேறொரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு முதிய ராஜபாளையம் நாய்க்கு முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே சிறிய வீக்கம் வந்தது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் நீவினார்கள், கட்டினார்கள், வாரங்கள் போயின. எடுத்துப் பார்த்தபோது எலும்புப் புற்றுநோய். பெரிய உடல்வாகுள்ள முதிய நாய்களுக்கு அந்த நோய் வருவதற்கு அதிகம் வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று; கண்டுபிடிக்கும்போது பல நாய்களுக்கு நுரையீரலுக்குப் பரவத் தொடங்கியிருக்கும். முன்னரே தெரிந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நோயின் வலி மிகக் கொடியது; அந்த வாரங்களில் அதற்கு வலி நீக்கும் மருந்தாவது கிடைத்திருக்கும். முதிய நாயின் எலும்பின்மேல் கெட்டியான வீக்கம் தெரிந்தால் நீவாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கருப்பனுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று நெடுநேரம் பேசினோம். 15 கிலோவுக்குக் கீழுள்ள சிறிய நாய்கள் பல ஓய்வினாலேயே தேறிவிடும், பெரிய நாய்க்கு அறுவை சிகிச்சையே மேல் என்றார் மருத்துவர். ஆனால் அவனுடைய இதயத் துடிப்பில் ஒரு முணுமுணுப்பு கேட்டதால் நீண்ட மயக்கத்தை அவரும் விரும்பவில்லை. ஓய்வு, எடைக் குறைப்பு, நாய்களுக்கான வலி மருந்து என்ற வழியை எடுத்துக்கொண்டோம்.

ஓய்வு என்பது கிராமத்து வீட்டில் எளிதில் அமைவதன்று. கதவு திறந்தே இருக்கும், ஆடு போகும், அணில் ஓடும், பழக்கப்பட்ட கால் கிளம்பிவிடும். கூடத்தின் ஒரு மூலையைப் பலகை வைத்து அடைத்து, மலசலத்துக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுபோய்த் திரும்பினோம். பல வாரங்கள் அப்படியே கடந்தன. தத்தி நடக்கும்போது தாங்குவதற்கு அம்மாவின் பழைய புடவையை அடிவயிற்றுக்குக் கீழே தூளிபோல் கொடுத்துப் பிடித்தோம். வலி குறைந்ததும் நாய் தானாகவே ஓடப் பார்க்கும். மருந்து வலியைத்தான் குறைத்திருக்கிறது, ஜவ்வு ஒட்டவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையும் இப்போதைய டைல்ஸும் முதிய நாய்க்குப் பகை. வழுக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு திருகப்படுகிறது. அவன் நடக்கும் தடத்தில் சாக்குகளை இணைத்துத் தைத்து விரித்தோம், தண்ணீர்க் குவளைக்கு முன் கயிற்றுப் பாய் போட்டோம், பாதத்தின் அடியில் வளர்ந்த மயிரையும் நீண்ட நகங்களையும் வெட்டினோம். திண்ணைக்குச் சாக்கு சுற்றிய சாய்வுப் பலகை வைத்தோம். மருந்துக்கு நிகராக இவை உதவின என்பது என் உறுதியான எண்ணம்.

எடையைக் குறைப்பதுதான் கடினம், அதுதான் பெரும் பலனும் தந்தது. பருத்த நாய் தன் எடையில் ஆறேழு விழுக்காடு குறைந்தாலே நொண்டல் கண்கூடாகக் குறையும். நம் ஊர் நாய்களுக்குச் சோறுதான் உணவு. மீந்த சோறெல்லாம் அதன் தட்டுக்குத்தான் போகும், போதாததற்கு டீக்கடை பிஸ்கட்டும் உண்டு. சோற்றைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்த முட்டையும் முள் நீக்கிய மீனும் பூசணிக்காயும் சேர்த்தோம், பிஸ்கட்டை நிறுத்தினோம், தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தோம். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் அவனைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியே ஒருமுறையும் நின்று எடையைப் பார்த்துக் குறித்தோம். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், லேசாகத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் அளவே சரியான உடல்.

வலி மருந்தை உணவுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். வாந்தி, பசியின்மை, கருப்பாகப் பிசுபிசுக்கும் மலம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். நெடுநாள் கொடுப்பதாக இருந்தால் இடையிடையே சிறுநீரக, கல்லீரல் அளவுகளைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கொட்டகை அருகே இருக்கும் வீடுகளில் உண்ணி ஓயாது என்பதும் உண்மையே. அதற்காக மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாயின்மேல் தெளிக்கக்கூடாது, அது நஞ்சாகிவிடும்.

நீச்சல் மூட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஆற்றில் இறக்க நினைப்பவர்கள் உண்டு. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டித் தண்ணீர் திறந்து அது நம் ஆறுகளுக்கு வந்து சேர்ந்தபின், இழுப்பிலும் பாசி பிடித்த படித்துறையிலும் குறைபட்ட முழங்கால் நிற்காது. ஆறு வற்றிய மாதங்களில் வெயில் ஏறுமுன் மணலில் கயிற்றோடு மெல்ல நடத்துவதே எங்களுக்குப் பொருந்தியது, அதுவும் மருத்துவர் சொன்ன பிறகே.

ஆடி பிறக்கும்போது கருப்பன் நான்கு கால்களையும் ஊன்றினான். சிறிய விந்தல் நிலைத்துவிட்டது. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் காலையில் விறைத்துக்கொண்டு எழுவான், அப்போது உலர்ந்த படுக்கையும் வெந்நீர்த் துணி ஒத்தடமும் கொடுக்கிறோம். மாதம் ஒருமுறை பழையபடி அதே சாலையில் நடத்திப் படம்பிடித்து முந்தைய மாதத்தோடு ஒப்பிடுகிறோம், இரண்டு தொடைகளையும் தடவிப் பார்க்கிறோம். இடது காலை ஒரு நாளைக்குமேல் தாங்கினாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுத்தாலோ அவனை மீண்டும் ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போவது என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருக்கிறோம்.